கதிர் அறுத்தவர்களின் பெயர்: மிழலைக் கூற்றமும் தொல் கிரேக்கமும்



ஒருவருடைய பெயரை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறோம். ஆண்டுதோறும் நாம் கூடி, மறைந்த தோழரின் படத்துக்கு மாலையிட்டு, அவர் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறோம். அவருடைய அப்பா பெயர் நமக்குத் தெரியும். பாட்டி பெயர் தெரியுமா? பாட்டியின் பாட்டி? மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் சொல்ல முடியாதவர்கள்தான் இந்த அரங்கில் பெரும்பாலானோர். சற்றுத் தொலைவில் நிற்கும் ஆவுடையார்கோயில் கோபுரத்தைச் சுற்றியோ ஆயிரம் ஆண்டுப் பெயர்கள் இருக்கின்றன. அதனால் இந்த ஆண்டு உரையை ஒரு பழைய கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். இந்த மண்ணின் தொடக்ககால வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதில் யார் பெயரோடு இருக்கிறார்கள், யார் பெயரின்றி இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு கிரேக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். 'நாகரிகத்தின் தொட்டில்' என்று பள்ளிப் புத்தகம் நமக்குச் சொல்லித் தந்த நாடு அது. அதன் தொடக்ககாலத்தை உலகம் எப்படிப் படித்தது என்று பார்த்தால், நம் தொடக்ககாலத்தை நாம் எப்படிப் படிக்கலாம் என்பதும் தெரியவரும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வழியுமல்ல. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கச் சமூகத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜார்ஜ் தாம்சனிடம் பயின்றவர். சங்கப் பாடல்களையும் ஹோமரின் காவியங்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வந்தது. இரண்டுமே எழுத்துக்கு முந்தைய வாய்மொழிப் பாணர்களின் மரபில் வேர்கொண்டவை என்பது அவர் வாதம். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் ஒரு கேள்வி கேட்கப்போகிறோம்.

1. சான்றுகள்

ஆவுடையார்கோயிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகரின் ஊர், குதிரை வாங்கக் கொண்டுவந்த பாண்டியன் பணத்தைக் கோயிலாக்கிய ஊர் என்று பக்தர்கள் அறிவார்கள். கல்லை மரச்சட்டம் போலச் செதுக்கிய கொடுங்கைக்காகச் சிற்பிகள் அறிவார்கள். வரலாறு படிப்பவர்கள் இதை மிழலைக் கூற்றத்து ஊர் என்று அறிவார்கள். வெள்ளாற்றுக்குத் தெற்கே கடலோரம் வரை பரந்திருந்த பழைய நாட்டுப் பிரிவு அது.

மிழலையைப் பற்றிய மிகப் பழைய சான்று புறநானூற்றின் 24-ஆம் பாடல். பாடியவர் மாங்குடி கிழார். பாடப்பட்டவன் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். வேள் எவ்வியின் மிழலையையும், தொன்மையான வேளிர்களின் முத்தூற்றையும் அவன் கைப்பற்றியதைப் பாடல் புகழ்கிறது. பாடல் அரசனில் தொடங்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நெல் அறுக்கும் தொழுவர்களில்தான் தொடங்குகிறது. வெயில் ஏறியதும் அவர்கள் கடலலையில் பாய்கிறார்கள். அடுத்து, திமில் ஓட்டும் பரதவர் கள் குடித்துக் குரவை ஆடுகிறார்கள். பெண்கள் பனை நுங்கின் நீரையும் கரும்புச் சாற்றையும் இளநீரையும் கலந்து குடித்துவிட்டுக் கடலில் குதிக்கிறார்கள். மீன் தின்ற நாரை வைக்கோற்போரில் போய் உறங்குகிறது. முத்தூற்றில் நெல் குவிந்து கிடக்கிறது. கடைசியில்தான் அரசன் வருகிறான். பொற்கலத்தில் மகளிர் தரும் கள்ளை உண்டு நீ இனிது வாழ்க என்று பாடல் முடிகிறது.

அறுப்பவர் யார், குவித்து வைப்பவர் யார், கைப்பற்றுபவர் யார் என்று ஒரு சமூகமே இந்தப் பாடலில் வரிசையாக நிற்கிறது. எவ்விக்குப் பெயர் உண்டு, செழியனுக்குப் பெயர் உண்டு, பாடிய மாங்குடி கிழாருக்கும் ஊரோடு பெயர் உண்டு. அறுத்தவர்கள் வெறும் 'தொழுவர்'. நம் மண்ணின் வரலாற்றில் முதலில் அடியெடுத்து வைப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் பெயரில்லாமல் வருகிறார்கள்.

இந்தப் பாடல் நம் கைக்கு வந்த வழியும் சொல்லத் தக்கது. 1870-களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணம் இயற்றி இங்கே அரங்கேற்றினார். அப்போது அவரோடு தங்கியிருந்த இளம் மாணவர் உ.வே. சாமிநாதையர். தலபுராணம் இந்த ஊரை முந்நூறு அந்தணர்களின் ஊராகக் காட்டுகிறது. அதே மாணவர்தான் பின்னாளில் ஏடு தேடி அலைந்து 1894-இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். அப்படித்தான் இந்த வட்டாரத்துக்கு இரண்டு தொடக்கங்கள் கிடைத்தன. ஒன்றில் அந்தணர்கள் முன்னால் நிற்கிறார்கள், மற்றொன்றில் நெல் அறுப்பவர்கள். கோயில் மேடைகளில் முதலாவதுதான் சொல்லப்படுகிறது. இரண்டாவதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

இப்போது கிரேக்கத்துக்கு வருவோம். அங்கும் நெடுங்காலம் ஹோமரின் இலியட்டும் ஒடிசியும்தான் தொடக்ககாலத்துக்குச் சான்றுகள். 1870-களில் ஹைன்ரிக் ஷ்லீமன் டிராய், மைசீனே ஆகிய இடங்களில் மண்வெட்டியை இறக்கினார். 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் 'லீனியர் பி' என்னும் பழைய எழுத்தைப் படித்துக் காட்டினார். அரண்மனைகள் தீப்பிடித்து எரிந்தபோது சுடப்பட்டு இறுகிய களிமண் பலகைகளில் அந்த எழுத்து தப்பியிருந்தது. காவியம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கணக்குதான் கிடைத்தது. எத்தனை ஆடு, எத்தனை தேர்ச்சக்கரம், எவ்வளவு எண்ணெய், யாருக்கு எவ்வளவு தானியம் என்ற கணக்கு.

பைலோஸ் அரண்மனையின் பலகைகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள், ஏறக்குறைய அதே அளவு குழந்தைகளோடு எண்ணப்பட்டிருக்கிறார்கள். மாவரைப்பவர்கள், நூல் நூற்பவர்கள், நெய்பவர்கள், குளிப்பாட்டுபவர்கள். சிலர் ஈஜியன் கடலின் மறுகரை ஊர்களால் குறிக்கப்படுகிறார்கள். சிலருக்குச் 'சிறைபிடிக்கப்பட்டவர்கள்' என்றே குறிப்பு. இந்தப் பட்டியல்களில் பெண்களின் பெயர் இல்லை, எண்ணிக்கையும் படி அளந்த கணக்கும்தான். கிரீட் தீவின் நாசஸ் அரண்மனைப் பலகைகளிலோ உழவு மாடுகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மாட்டுக்குப் பெயர் எழுதத் தெரிந்த கணக்கர்களின் உலகத்தில்தான் மாவரைத்த பெண் எண்ணாக நின்றாள்.

தொலைதேசத்துக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் பழைய பண்ணைக் கணக்கு நோட்டு ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அதில் வண்டி மாடுகளுக்கு 'மயிலை', 'செவலை' என்று பெயர் இருந்தது. அறுப்பு நாட்களுக்கு நேரே 'பெண்ணாள் 14', 'பெண்ணாள் 11' என்று இருந்தது. அந்தப் பதினான்கில் எங்கள் பாட்டிமார் இருந்திருப்பார்கள்.

கணக்கு எழுதுகிறவன் தனக்குத் தேவையானதை மட்டுமே எழுதுவான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி பாப்பிரஸ் இப்போது வியன்னாவில் இருக்கிறது. தமிழகத்து மேற்குக் கடற்கரையிலிருந்து எகிப்துக்குப் போன சரக்கைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஆவணம் அது. ஹெர்மபொல்லோன் என்று கப்பலுக்குப் பெயர் உண்டு. தந்தம் எடையோடும் விலையோடும் இருக்கிறது. யானையை வீழ்த்தியவர் பெயர் இல்லை. நம் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அந்தப் பொன் இந்த மண்ணுக்கு வர, இங்கிருந்து என்ன போனது, அதை விளைவித்தவர் யார் என்பதைக் காசு சொல்லாது.

அதற்காகச் சாமானியர் பெயர் எங்குமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழியில் கீறியிருக்கிறார்கள். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. மாடு பிடிக்கும் சண்டையில் செத்த ஒருவனுக்கு, மன்னன் அல்லாதவனுக்கு, கல்லில் பெயர் கிடைத்திருக்கிறது. ஆக, எழுத்து ஒரு காலத்தில் சற்றே பரவலாக இருந்திருக்கிறது. பின்னாளில்தான் கோயில் சுவருக்குள்ளும் கணக்கர் கைக்குள்ளும் அது சுருங்கியது.

2. நிலம்

நிலத்தைப் பார்க்காமல் சமூகத்தைப் பேச முடியாது. கிரேக்கம் பெரும்பகுதி மலை. மலைகளுக்கு இடையே சிறு சிறு சமவெளிகள், எங்கிருந்து பார்த்தாலும் அதிகத் தொலைவில்லாத கடல். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. வாற்கோதுமை, ஒலிவம், திராட்சை. பெரிய ஆற்றுப் பாசனம் இல்லை, வானம் பார்த்த விவசாயம்தான். ஒவ்வொரு சமவெளியும் தன் மலைக்குள் தனியாக வாழ்ந்ததால், சின்னச் சின்ன நகர அரசுகள் உருவாக அந்த நிலம் இடம் கொடுத்தது.

அந்த மண்ணிலிருந்து உழவன் ஒருவனின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹீசியட். வறுமை தாங்காமல் கடல் தாண்டி வந்து, அஸ்க்ரா என்ற சிற்றூரில் குடியேறிய தந்தையின் மகன். குளிரிலும் கொடுமை, வெயிலிலும் கொடுமை என்று தன் ஊரையே சபித்தவர். சொத்துப் பிரிவினையில் தம்பி பெர்சஸ் தன்னை ஏமாற்றியதையும், கையூட்டு வாங்கித் தீர்ப்புச் சொன்ன பெரிய மனிதர்களையும் பெயர் சொல்லியும் சொல்லாமலும் திட்டிப் பாடினார். அவரும் அடிமை வைத்திருந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஏர் பிடித்தவன் தன் பெயரைத் தானே தன் பாட்டில் வைத்தான் என்பது சாதாரணச் செய்தியல்ல.

நம் நிலம் வேறு. இங்கே மலை இல்லை, கடலை நோக்கி மெல்லச் சரியும் சமவெளி. வெள்ளாறு பெயருக்குத்தான் ஆறு. மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாளில் மணல். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையென்று சொல்லப்பட்ட ஆறு அது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் தையில் கதிர். இதே நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 18-ஆம் பாடலில் இருக்கிறது. நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு, நீரையும் நிலத்தையும் சேர்த்தவர்களே உடலையும் உயிரையும் படைத்தவர்கள் என்பது அதன் சாரம்.

நீரைத் தேக்கச் சொன்னவர் பெயர் இருக்கிறது. தேக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டவன் பெயரும் இருக்கிறது. மண் சுமந்து கரை போட்டவர் யார்? கண்மாய்க் கரை தானாக நிற்பதில்லை. ஆண்டுதோறும் மராமத்து வேண்டும், உடைப்பெடுத்தால் இரவோடு இரவாக அடைக்க ஆள் வேண்டும், மடை திறக்க நீர்பாய்ச்சி வேண்டும். இந்த வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை மனக்கணக்காக வைத்திருந்தவரும் அவர்களே. அந்த வயலில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருந்தவரும் அவர்களே. கிரேக்கத்தின் வானம் பார்த்த மண்ணில் ஒரு சிறு உழவன் தன் குடும்பத்தோடும் ஓரிரு அடிமையோடும் தனியாகப் பிழைக்க முடிந்தது. கண்மாய்ப் பாசனத்தில் தனியாள் விவசாயம் கிடையாது. கரையையும் மடையையும் யார் கட்டுப்படுத்துகிறாரோ, அவர் கையில் ஊரே இருக்கும். நம் சமூக வரலாற்றின் சாவி கோபுரத்தில் இல்லை, மடையில் இருக்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

இது பழங்கதை மட்டுமல்ல. இதே மாவட்டத்தில், 2022 டிசம்பரில், வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நீரின் மீதான கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் நம் வீட்டுக் குழாயில் வந்து நிற்கிறது.

3. தொடக்ககாலச் சமூகம்

சங்ககாலத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு எளிய கதைகள் உலவுகின்றன. சங்ககாலத்தில் சாதியே இல்லை, எல்லாம் பின்னால் வந்தேறியது என்பது ஒன்று. கீழடிப் பெருமிதத்தில் இந்தக் கதை இன்று உரத்து ஒலிக்கிறது. சாதியும் தீண்டாமையும் ஆதியிலிருந்தே இருந்தன, மாறாதவை என்பது மற்றொன்று. முதல் கதை நம் காயத்தை மறைக்கிறது. இரண்டாவது கதை அந்தக் காயத்தை இயற்கையாக்கிவிடுகிறது. சான்றுகள் இரண்டுக்கும் ஒத்துழைக்கவில்லை.

மிழலையின் தொழுவர்களைப் பாடிய மாங்குடி கிழாரின் பெயரிலேயே புறநானூற்றில் 335-ஆம் பாடலும் இருக்கிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்று அது சொல்கிறது. பகைவரை எதிர்த்து விழுந்த வீரனின் நடுகல்லைத் தவிர நெல் தூவி வணங்கும் தெய்வமும் இல்லை என்கிறது. பறையன் என்ற பெயர் இழிவாக அல்ல, மண்ணின் முதற்குடிகளில் ஒன்றாக, தலைநிமிர்ந்து நிற்கிறது. நம் மேடைகளில் அடிக்கடி மேற்கோளாகும் பாடல் இது.

அடுத்து 82-ஆம் பாடலையும் நாம் படித்தாக வேண்டும். சாத்தந்தையார் பாடியது. கட்டிலுக்கு வார் பின்னும் ஒரு தோல்தொழிலாளி அதில் வருகிறான். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. முடிக்க வேண்டிய வேலை கையில். அவன் ஊசி எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ அவ்வளவு விரைவாகத் தலைவன் போரிட்டான் என்பது உவமை. அந்த மனிதனைப் பாடல் 'இழிசினன்' என்கிறது.

அவன் வீட்டுப் பிரசவம் வரை புலவருக்குத் தெரிகிறது. அவன் கையின் வேகத்தை வியக்கவும் தெரிகிறது. ஆனால் அவனை அழைக்க இருக்கும் சொல் இழிசினன். இகழ்ச்சி அப்போதே இருந்தது என்பதை இந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. சங்ககாலம் பொற்காலம் என்பவர்கள் இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அவனை ஊருக்கு வெளியே தள்ளிய சேரியோ, தொட்டால் தீட்டு என்ற விதியோ இந்தப் பாடலில் இல்லை. ஊர்த் திருவிழா அவனுக்கும் அவசரம்தான்.

பாணர்களின் கதை இன்னும் கசப்பானது. யாழோடு அரசன் அவைக்குள் நேரே நுழைந்து, அவனோடு ஊனும் கள்ளும் உண்டு, பொற்றாமரை பெற்றவர்கள் அவர்கள். கைலாசபதி சொன்னபடி, இந்த இலக்கியத்துக்கே வேர் அவர்களின் வாய்மொழி மரபு. பின்னாளில் என்ன ஆனது? பக்திக் காலக் கதைகளில் திருப்பாணாழ்வார் காவிரிக்கு அக்கரையில் நிற்கிறார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் கோயிலுக்கு வெளியே நின்று பாடுகிறார். நம் பழைய வரலாற்றுக்குச் சான்று செய்து தந்தவர்களே, அந்த வரலாற்றின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ஹோமரின் உலகத்திலும் பாடகன் மதிப்புக்குரியவன். ஒடிசியில் தச்சர், வைத்தியர், குறிசொல்பவர், பாடகர் ஆகியோர் ஊர்மக்களுக்கு வேண்டியவர்கள் என்று வரவேற்கப்படுகிறார்கள். கூலிக்காரன் நிலை வேறு. 'தீஸ்' என்பது நிலமில்லாமல் கூலிக்குப் போகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர். மறுஉலகில் அக்கிலிஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஒருவனிடம் தீஸாகக் கூலி வேலை செய்வதே மேல் என்கிறான். மனித வாழ்வின் கடைசிப் படி எதுவென்று கேட்டால், அந்த வீரனுக்கு அடிமைகூட நினைவுக்கு வரவில்லை, கூலிக்காரன்தான் வருகிறான். இதை எடுத்துக்காட்டியவர் எம்.ஐ. ஃபின்லி, 1954-இல் வெளிவந்த தன் நூலில். அடிமைக்காவது ஒரு வீடு உண்டு, தீஸுக்கு எவரும் இல்லை என்பது அவர் விளக்கம்.

இலியட்டில் தெர்சைட்டஸ் என்று ஒருவன் வருகிறான். போர் எங்களுக்கு எதற்கு, கொள்ளையெல்லாம் உனக்குத்தானே என்று தலைவன் அகமெம்னானை அவையில் கேட்கிறான். அவனைக் கூனன், நொண்டி, அவலட்சணன் என்று பாடல் வருணிக்கிறது. ஒடிசியஸ் கோலால் அவன் முதுகில் அடிக்கிறான். படை சிரிக்கிறது. எளியவன் அவையில் வாய் திறந்தால், முதலில் அவன் உடம்பைக் கேலி செய்வது, பிறகு அடிப்பது. இந்த முறை நமக்குப் புதிதல்ல. ஒடிசியில் விடிய விடிய மாவரைக்கும் ஒரு பெண் வருகிறாள். மற்றவர்கள் வேலை முடித்து உறங்கிவிட்டார்கள், அவளுக்கு மட்டும் முடியவில்லை. என் முழங்காலை ஒடித்த இவர்களுக்கு இதுவே கடைசி விருந்தாக இருக்கட்டும் என்று இடி முழக்கத்தைக் கேட்டு வேண்டுகிறாள். அவளுக்கும் பெயர் இல்லை. பைலோஸ் பலகையில் எண்ணாக நிற்கும் பெண்களுக்குக் காவியத்தில் ஒரு குரல் கிடைத்த இடம் அது.

4. இரண்டு பாதைகள்

தொடக்கத்தில் இரு நிலங்களும் அவ்வளவு தொலைவில் இல்லை. தலைவர்கள், பாணர்கள், மாடு பிடி சண்டைகள், கீழே பெயரற்ற உழைப்பாளர்கள். பிறகு பாதை பிரிகிறது.

ஏதென்ஸில் கடன்பட்ட உழவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கி.மு. 594 அளவில் சோலன் கடனடிமை முறையை ஒழித்தார். வயல்களில் நட்டிருந்த கடன் கற்களைப் பிடுங்கி, அடிமையாக இருந்த நிலத்தை விடுவித்ததாகத் தன் பாடலிலேயே சொல்லிக்கொண்டார். ஹோமரின் கடைசிப் படியில் நின்ற தீஸ், மெல்ல மெல்ல ஊரவையில் உட்காரும் குடிமகனானான். பின்னர் ஏதென்ஸின் போர்க்கப்பல்களில் துடுப்புப் பிடித்ததும் அவனே. நாம் இங்கே கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. சொந்த உழவனை அடிமையாக்க முடியாமல் போனதும், வெளியிலிருந்து வாங்கிய அடிமைகள் பெருகினார்கள். லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அவர்கள் செத்தார்கள். கிரேக்கத்தில் சுதந்திரமும் அடிமைத்தனமும் கைகோத்தே வளர்ந்தன என்று ஃபின்லி சொன்னது இதைத்தான். பெண்களுக்கு அவையில் இடமே இல்லை.

நம் பாதை வேறு வழியில் போனது. பிரமதேயங்களும் கோயில் நிலங்களும் பெருகின. நீரும் நிலமும் ஊர்ச்சபைகளின் கைக்குப் போயின. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், ஊர்நத்தம், குளம் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. சுடுகாடும் தனித்தனி. பெயரற்ற தொழுவனுக்கும் இழிசினனுக்கும் இப்போது நிலப்படத்தில் ஒரு தனி இடம் ஒதுக்கப்பட்டாயிற்று. இகழ்ச்சி ஒரு சொல்லாக இருந்தது. அது அளந்து எல்லை கட்டிய தெருவாக மாறியது. இடையில் ஏழெட்டு நூற்றாண்டுகள்.

தீண்டாமைக்கு ஒரு பிறந்த காலம் உண்டு என்று வாதிட்டவர் அம்பேத்கர். 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' பற்றிய நூலில், ஏறக்குறைய கி.பி. 400-ஐ அவர் குறித்தார். அவர் காரணங்களை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. தமிழகத்துக்கு அந்த ஆண்டை அப்படியே பொருத்த வேண்டியதும் இல்லை. பிறந்ததற்குக் காலம் இருந்தால் இறப்பதற்கும் காலம் வரும் என்ற அந்த முறைதான் நமக்கு முக்கியம். சான்று அறுந்த இடத்தில் வரலாற்று ஆசிரியன் வாய்மூடி உட்கார வேண்டியதில்லை, கிடைத்த கண்ணிகளை வைத்து அனுமானத்தால் இணைக்கலாம் என்று அதே நூலின் முன்னுரையில் அவர் வாதிடுகிறார். அவருக்கும் முன்பே, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், ஏட்டையும் வழக்கையும் சடங்கையும் சொல்லையும் வைத்து நம் வரலாற்றை மாற்றி எழுத முனைந்தார். சான்று நம்மிடம் இல்லை என்று சொன்னவர்களிடம், எது சான்று என்று முடிவு செய்தது யார் என்று திருப்பிக் கேட்டவர்கள் இவர்கள்.

இந்தப் பாதையின் நீளத்தை உணர ஒரு செய்தி போதும். சோலன் கடன் கற்களைப் பிடுங்கி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1952-இல்தான் தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் 1974-இல் உருவாகும் வரை அறந்தாங்கி வட்டாரம் தஞ்சையோடுதான் இருந்தது. அந்தச் சட்டமும் கேட்டுக் கிடைத்ததல்ல, செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் போராடிப் பெற்றது.

5. நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, பழைய சான்றுகளைப் படியுங்கள், அறுத்தவர் பக்கம் நின்று படியுங்கள். பாடலோ, கல்வெட்டோ, கணக்கோ, இதில் பெயரோடு இருப்பவர் யார், எண்ணாக இருப்பவர் யார், எண்ணாகக்கூட இல்லாதவர் யார் என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த 335-ஐப் படிப்பவர்கள், நம்மைச் சுடும் 82-ஐயும் சேர்த்தே படியுங்கள். பெருமைக்கு மட்டும் வரலாறு தேடுகிறவர்கள், கடைசியில் அடுத்தவர் எழுதிய பெருமையைத்தான் சுமப்பார்கள்.

இரண்டாவது, உங்கள் ஊர்க் கண்மாய், மடை, களத்துமேடு, சுடுகாடு, சேரிக்குப் போகும் பாதை ஆகியவற்றை நிலப்படமாக வரையுங்கள். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மடைக்கு யார் பெயர், எந்தக் கரையில் யாரை நடக்கவிடவில்லை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தொல்லியல் துறை பொற்பனைக்கோட்டையில் தோண்டியிருக்கிறது, நல்லது. நம் தெருவை நாம்தான் தோண்ட வேண்டும்.

மூன்றாவது, பெயர்களை எழுதுங்கள். அறுப்பு மெஷின் வந்துவிட்டது. வரிசையாக நின்று அரிந்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோன பெண்களின் கடைசித் தலைமுறை இப்போது நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கைக்குழுவில் யார் யார் இருந்தார்கள், யார் முன்னால் பாடினார்கள், கூலி நெல்லைக் குறைத்தபோது யார் எதிர்த்துக் கேட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். நாம் இதுவரை கேட்கவில்லை.

எங்கள் அமைப்பு இந்த ஆண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது. முதல் பக்கத்தில், பண்ணைக் கணக்கில் 'பெண்ணாள் 14' என்று இருந்த அதே நாளைக் குறித்திருக்கிறோம். ஊரில் விசாரித்ததில் இதுவரை ஆறு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. மீதி எட்டுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கதிர் அறுக்கப் போனவர்களின் மகள்களோ பேத்திகளோ இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். மறைந்த நம் தோழருக்கு அதைவிடப் பெரிய மாலை இல்லை.

ஜெய் பீம்.